நாற்பது பேருக்கு ஓர் அண்டா

அத்தியாயம் 9

விடிந்தும் விடியாத வேளை. ஜோசப் ராஜ் மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்தபோது திரையில் மலைகள் எழுந்தன.

சவேரியார்கொட்டாயில் இருபது பேருடைய ரத்தத்தில் இரண்டு வாரமாக ஏறி இறங்கிய சர்க்கரைதான் அது. கோடு கோடாக ஏறியது, வளைந்தது, சரிந்தது. தூக்கம் கலையாத கண்ணுக்கு மலைகளாகத் தெரிந்தன. ஜன்னலுக்கு வெளியே வத்தல்மலையும் பனியில் பாதி கரைந்து அப்படியேதான் நின்றது. எது திரை, எது ஜன்னல் என்று பிரித்துப் பார்க்க அவன் அவசரப்படவில்லை.

பதினான்கு மாதமாக எல்லாமே அவனுக்கு அப்படித்தான் இருந்தது. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து மேலே பார்ப்பதுபோல.

ஒரு வெள்ளிக்கிழமை. தொப்பூர் கணவாயில் ஒரு லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. சேலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் பிளசி இருந்தாள். அவன் மனைவி. கல்யாணமாகி மூன்று வருஷம். அவன் அப்போது எங்கோ ஒரு பனி நாட்டில், முனைவர் பட்டத்துக்கு மேல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அடக்கத்துக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. மாரண்டஹள்ளியில் இருந்த தன் வீட்டுக்கும் போகவில்லை. மாமியார் ராயம்மாள் இந்த ஊரில் தன் வீட்டு மாடி அறையைக் கூட்டிப் பெருக்கிக் கொடுத்தாள். அங்கேயே தங்கிவிட்டான்.

பேராசிரியர் குப்புராஜ்தான் வழி காட்டினார். "அந்த ஊர்லயே ஆராய்ச்சி பண்ணுங்க ஜோசப். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இல்லாத வீடு அங்க எது?" என்றார்.

அப்படி ஆரம்பித்ததுதான் இந்தச் சாமை ஆராய்ச்சி. நாற்பது பேர். ஆளுக்குத் தினம் ஒரு பாக்கெட் கஞ்சி மாவு, பன்னிரண்டு வாரத்துக்கு. இருபது பேருக்கு நீலப் புள்ளி போட்ட பாக்கெட், இருபது பேருக்குச் சிவப்புப் புள்ளி. ஒன்றில் தவிடு நீக்காத சாமை, இன்னொன்றில் தவிடு நீக்கியது. எது எதில் என்று அவனுக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் ஒரு கவரில் ஒட்டி வைத்திருந்தார்கள். தவிட்டோடு சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் குறையுமா, இதயத்துக்கு நல்லதா என்பதுதான் கேள்வி.

அரைவாசிப் பேருக்குக் கையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கருவி ஒட்டியிருந்தார்கள். சர்க்கரையை நாள் முழுக்க அதுவே பார்த்துக்கொள்ளும். ஊர்ப் பெண்கள் அதற்குக் கைப்பொட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். நேற்றுத்தான் எல்லாக் கைப்பொட்டையும் கழற்றினார்கள். இன்று மாலை நான்கு மணிக்குக் குப்புராஜிடம் பாதிக் கிணறு தாண்டியதன் கணக்கைச் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தால் வேலை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீளும். இல்லாவிட்டால் மே மாதத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு காலையில் எதற்காக எழுந்திருப்பது என்று அவன் யோசித்ததில்லை. யோசிக்கப் பயம்.

நீலக் கோடுகளைத் தனியாகவும் சிவப்புக் கோடுகளைத் தனியாகவும் சேர்த்தான்.

நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டான்.

இரண்டு மலைத்தொடர்கள் தெரிந்தன. சிவப்பு உயரத்தில், நீலம் தாழ்வில். திங்கள், செவ்வாய், வியாழன் என்று நாள் நாளாக இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் போயின; புதனில் மட்டும் சற்று நெருங்கின. இப்படியொரு படத்தைப் பார்க்க ஆராய்ச்சிக்காரர்கள் ஆயுளையே கொடுப்பார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு வந்தான்.

மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு நீலமும் சிவப்பும் சேர்ந்து எழும்பின. ஒரே மலையாக நின்று ஒன்றாகச் சரிந்தன. அடுத்த வெள்ளியைப் பார்த்தான். அதே நேரம், அதே மலை.

வெவ்வேறு வீட்டில், வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு மாவைச் சாப்பிடுகிற இருபது பேர் எப்படி ஒரே நிமிஷத்தில் மலையேறுவார்கள்? கருவியின் கடிகாரம் கெட்டுவிட்டதோ என்று பார்த்தான். கெடவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஜெனிஷா கோணிப்பையோடு வந்தாள். பிளசியின் தங்கை. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஆராய்ச்சியில் களப்பணியாளர். யாருக்கு எந்த எண் என்கிற நோட்டு அவளிடம்தான் இருந்தது. அவன் அதைப் பார்க்கக் கூடாது என்பது விதி. ராயம்மாளும் நாற்பதில் ஒருத்தி. எந்த எண் என்று அவனுக்குத் தெரியாது.

"எண்ணியாச்சுங்க மாமா. போன வாரத்து இருநூத்தி எம்பது காலிப் பாக்கெட்டு. ஒண்ணு கொறையல."

"ஜெனி, வெள்ளிக்கிழம மத்தியானம் ஊர்ல என்ன நடக்குது?"

பையைக் கீழே வைத்தவள் அதை மறுபடி தூக்கிக்கொண்டாள்.

"தவக்காலந்தான மாமா. சிலுவப்பாத இருக்கும்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னாங்க, அவங்கவங்க வூட்டுக்குப் போவாங்க. அடுப்புல பால் வெச்சிட்டு வந்தன்."

இறங்கிப் போய்விட்டாள். அவள் காபிக்குப் பால் ஊற்றிக்கொள்ள மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். ராயம்மாளும் அப்படித்தான். அந்த வீட்டில் பால் வாங்குவதே அவன் ஒருவனுக்காகத்தான். அந்தப் பால் ஏற்கெனவே காய்ந்து, காபியாகி, அவன் மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு அன்வர் பாஷாவின் ஆட்டோ வந்து நின்றது. ரத்த மாதிரி வைத்த ஐஸ் பெட்டியைத் தருமபுரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போவது அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜோசப் ராஜும் கூடவே போய்விடுவான். ஆய்வகத்தின் குளிர் அறையில் சாயந்திரம் வரை உட்கார்ந்திருப்பான். வெள்ளியன்று ஊரில் இருக்க அவனால் முடிவதில்லை.

"என்னங்க டாக்டர் தம்பி, மூஞ்சி வாடிக் கெடக்குது? நோன்பு எனக்கா உங்களுக்கா?"

"இன்னைக்கு நா வரலீங்க பாய். பெட்டிய மட்டும் கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

"அடடே. அப்ப இன்னைக்கு நீங்களும் கஞ்சிக்கு இருக்கீங்க."

"என்ன கஞ்சி?"

அன்வர் பாஷா பெட்டியைச் சீட்டில் வைத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார். "நல்லா கேட்டீங்க போங்க. உங்க கஞ்சிதான்! சாயந்தரம் உங்கள எறக்கிவுடறப்ப எல்லாம் உங்க மாமியார் ஒரு தூக்கு நெறய ஊத்திக் குடுக்குறாங்களே. நோன்பு தொறக்க. நம்ம ஹசீனா அதுல பூண்டத் தட்டிப்போட்டு, கொத்தமல்லியக் கிள்ளிப்போட்டு... தம்பி, பள்ளிவாசல் கஞ்சியே தோத்துச்சு. நா இப்படிச் சொன்னன்னு அங்க யார்கிட்டயும் சொல்லிப்புடாதீங்க."

"எந்த மாவுல காச்சறாங்க பாய்?"

"அதாங்க, உங்க புள்ளி போட்ட பாக்கெட்டு. கோயில் பின்னால நீலமும் செவப்புமா குமிச்சு வெச்சிருந்தாங்களே. ஏன், அவங்களுக்குக் குடுக்கச் சொன்னதே நீங்கதான்னு நெனச்சன்."

ஆட்டோ கிளம்பிப் போனது. புழுதி எழும்பி மெதுவாக அடங்கியது. ஜோசப் ராஜ் நின்ற இடத்திலேயே நின்றான். யாரோ தூரத்தில் இன்னொருவனிடம் சொன்ன செய்திபோல இருந்தது அவனுக்கு.

மதியம் பன்னிரண்டரை. சவேரியார் கோயிலுக்குப் பின்னால் புகை எழுந்தது.

அடக்கத்துக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது கால் தானாகப் போயிற்று. புங்க மர நிழலில் மூன்று கல் கூட்டி, அதன்மேல் ஓர் அண்டா. ஆளே உள்ளே உட்காரலாம் போலப் பெரியது. சுற்றிலும் பெண்கள். ஒருத்தி பாக்கெட்டின் தலையைக் கத்தரிக்கிறாள், ஒருத்தி கொட்டுகிறாள், ஒருத்தி காலிப் பாக்கெட்டை நீவி நீவி அடுக்குகிறாள். நீலம், சிவப்பு, சிவப்பு, நீலம். கரண்டியைப் பிடித்துத் துழாவிக்கொண்டிருந்தவள் ராயம்மாள்.

ஆவியில் எல்லாரும் லேசாக நெளிந்தார்கள். வெயில் இலைகளுக்குள் புகுந்து அவர்கள் தலைமேல் சொட்டியது. வெந்த சாமையின் வாசனை. அவனுக்கு அங்கேயே படுத்துத் தூங்கிவிடலாம் போல இருந்தது.

"வாங்க மாப்ள!" கோயில் மணி அடிக்கிற சென்னம்மாள் கத்தினாள். ஊரில் அவளுக்கு எல்லாரும் மாப்பிள்ளைதான். "அம்மாம் படிச்சவரு, கஞ்சி வாசன புடிக்க மூணு வெள்ளி ஆச்சா?"

பெண்கள் சிரித்தார்கள். ராயம்மாள் மட்டும் கரண்டியை விட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்த, இது எல்லாம் நா குடுத்த பாக்கெட்டுங்களா?"

"ஆமாங்க மாப்ள. புதன் பாக்கெட்டும் வெள்ளி பாக்கெட்டும்."

"ஏங்க?"

அந்தக் கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை. "ரெண்டு நாளும் ஒருசந்தியாச்சே. ஒருவேள விட்டு, விட்ட வேளைச் சோத்த இல்லாதவங்களுக்கு ஊத்தணும். எடுத்து வெச்சதையும் நாமளே தின்னா அது என்னா ஒருசந்தி? அதான் எல்லாரதையும் ஒண்ணாப் போட்டுக் காச்சறது. சிலுவப்பாத முடிஞ்சி வர்றவங்க, வழிப்போக்கருங்க, அவங்களோட நாங்களும், எல்லாரும் பங்காக் குடிப்பம்."

"காலிப் பாக்கெட்ட மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்தீங்க."

"நீங்கதான பத்திரமாக் குடுக்கணும்னீங்க? ஒண்ணையாவது தொலச்சமா?" குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நீலம் எந்த எண்ணுக்கு, செவப்பு எந்த எண்ணுக்குன்னு பிரிச்சுக் குடுத்தனேங்க..."

"கோயில் அண்டாவுல என்னாங்க நீலம் செவப்பு?" என்றாள் சென்னம்மாள். "அதெல்லாம் கட்சிக்காரங்களுக்கு. ஏ ராயம்மா, அடி புடிக்குது பாரு!"

ராயம்மாள் திரும்பிக் கரண்டியை எடுத்தாள். அவனுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. சொல்லப்போனால் அவனும் இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, ஒருசந்திக் கஞ்சி குடித்து வளர்ந்தவன்தான். ஈஸ்டருக்கு முந்தைய இந்த நாற்பது நாள் தவக்காலம் எப்போது தொடங்கியது என்றே அவனுக்குத் தெரியாது. அந்த முதல் நாள், நெற்றியில் கோயில் சாம்பலோடு ராயம்மாள் காபி கொண்டுவந்து வைத்திருப்பாள். அவன் கோப்பையைத்தான் பார்த்திருப்பான்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஜெனிஷா நின்றாள். அவன் வருவதைப் பார்த்ததும் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின தட்டுகள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"சாம்பல் புதன்லேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் அந்த வாரமே மாடிக்கு வந்தன் மாமா." தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "காலிப் பாக்கெட்டு ஒண்ணு கொறையலன்னு சொன்னன். நீங்க சிரிச்சீங்க. அக்கா போனப்பறம் நீங்க சிரிச்சு நா அன்னைக்குத்தான் பாத்தன். கீழ வந்து அம்மாகிட்டயும் சொன்னன், மாமா சிரிச்சாருன்னு. அதுக்கப்பறம் எப்படிங்க சொல்றது?"

அவனுக்குச் சிரித்த ஞாபகம் இல்லை.

"ஆராய்ச்சி போச்சுங்களா?"

"மத்த நாள்ல ரெண்டும் தனித்தனியா நிக்குது. அழகா நிக்குது. வெள்ளிக்கிழமதான் எல்லாம் ஒண்ணாயிடுது."

அவள் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்ப வெள்ளிய மட்டும் எடுத்துட முடியாதுங்களா? மிஷின் வேல செய்யலன்னு எழுதிட்டா? வேர்வைல கழண்டு போவுதுதான? யாரு வந்து கேக்கப் போறாங்க?"

முடியும். வெகு சுலபம். இரண்டு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மலைகள் இரண்டாகவே நிற்கும். குப்புராஜ் கைகொட்டுவார். இரண்டு வருஷம் அந்த மாடி அறை, அந்த ஜன்னல், ஆறின காபி.

கிணற்றில் கல் விழுவதுபோல அந்த யோசனை அவனுக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டே போனது.

பதினான்கு மாதமாக அவன் செய்துவந்ததும் அதுதானே. வாரத்துக்கு ஆறு நாள்தான் என்று வாழ்ந்தான். வியாழன் முடிந்ததும் சனி. நடுவில் ஒரு குளிர் அறை. அவன் அழித்த அந்த நாளில்தான் ஊர் முழுக்கக் கூடி நின்று அண்டாவில் கஞ்சி காய்ச்சியது. மூன்று வெள்ளி. ஒரே ஒரு வெள்ளி அவன் ஊரில் இருந்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

"எடுக்க வேணாம் ஜெனி," என்றான்.

"அப்ப உங்க வேல?"

அவன் கோயில் பக்கம் திரும்பினான். கடைசிப் பாட்டு முடிந்து வெளியே வந்தவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டே முக்கால்.

நான்கு மணிக்கு மொட்டை மாடியில் சிக்னல் கிடைக்கிற மூலையில் லேப்டாப்பை வைத்தான். குப்புராஜின் முகம் வந்தது. பின்னால் அவருடைய புத்தக அலமாரி.

"சொல்லுங்க ஜோசப். நீட்டிப்புக் கடிதம் டைப் பண்ணி வெச்சிருக்கேன். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. எங்க, படத்தைக் காட்டுங்க."

காட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அட! ரெண்டும் ஒட்டவே இல்லையே! ஜோசப், என் சர்வீஸ்ல இப்படி ஒரு படம் நான் பார்த்ததில்ல."

"வெள்ளிக்கிழமையப் பாருங்க சார்."

சொன்னான். அண்டாவைச் சொன்னான், ஒருசந்தியைச் சொன்னான், காலிப் பாக்கெட்டைச் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். சொல்லி முடித்ததும் திரை உறைந்துபோனதோ என்று நினைத்தான். பிறகு அவர் கண் சிமிட்டியதைப் பார்த்தான்.

"வாரத்துல ரெண்டு பாக்கெட்."

"ஆமா சார்."

"ஆள் ஆளா ஏன் பிரிச்சோம்? ஊர் ஊரா இல்ல பிரிச்சிருக்கணும். இந்த ஊர் முழுக்க நீலம், அடுத்த ஊர் முழுக்கச் சிவப்புன்னு."

"என் தப்புதான் சார்."

"திட்டத்துல நானும்தானே கையெழுத்துப் போட்டேன்." நெற்றியைத் தேய்த்தார். "அந்தக் கஞ்சியக் குடிச்சீங்களா?"

"இல்ல சார்."

"குடிச்சிருக்கலாம்." மேசையில் இருந்த நீட்டிப்புக் கடிதத்தை ஓரமாக வைத்தார். "சரி. நாளையிலேர்ந்து யாருக்கும் பாக்கெட் குடுக்காதீங்க. நெறிமுறைக் குழுவுக்கு நான் சொல்லியாகணும். நீட்டிப்பைப் பத்தி இப்ப எதுவும் கேக்காதீங்க, எனக்கே தெரியாது. வெள்ளிக்கிழமை யார் எப்ப சாப்பிட்டாங்க, அப்ப சர்க்கரை எவ்வளவு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி. ஆறு மணிக்குள்ள அனுப்புங்க. முழுசா இருக்கணும்."

திரை இருண்டது.

ரொம்ப நேரம் மரத்துக் கிடந்த காலை நீட்டினால் முதலில் வலிக்குமே, அப்படி எங்கோ வலித்தது அவனுக்கு. அந்த வலியை ஆச்சரியத்தோடு கவனித்தான்.

உட்கார்ந்து வரிவரியாக எழுத ஆரம்பித்தான். எண் ஒன்று: 12.44-க்கு ஏற்றம். எண் இரண்டு: 12.47. மூன்று, நான்கு, ஐந்து. எல்லாக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்ததால், காலையில் ஒரே மலையாகத்தான் பார்த்திருந்தான். இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். பதினாறு: 12.51.

பதினேழில் ஏற்றம் இல்லை.

நீலக் கோடு. இரண்டு வெள்ளியும் விடியலில் இருந்து தரையோடு தரையாகப் போயிற்று. மதியம் ஊரே மலையேறியபோது அது ஏறவில்லை. நான்கு மணிக்கு இன்னும் இறங்கியது. ஐந்தரைக்கு ஐம்பத்தெட்டு. அடுத்த வெள்ளி, ஐம்பத்துநான்கு. அதற்கும் கீழே போனால் கை நடுங்கும், கண் இருட்டும், ஆள் விழுந்துவிடும். புதன்கிழமைகளும் அப்படியே. ஆறு மணிக்குப் பிறகுதான் ஒரு சின்ன மேடு.

யாரோ சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள்.

"ஜெனி!"

அவள் ஓடி வந்தாள்.

"பதினேழு யாரு?"

"அது நீங்க பாக்கக் கூடாதே மாமா..."

"இனிமே பாக்கலாம். யாரு?"

நோட்டைப் புரட்டினாள். விரல் ஒரு வரியில் நின்றது. அவளுக்கு அது முன்பே தெரியும், ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு கோடு இருக்கும் என்று தெரியாது. அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். அவள் முகம் மாறியது.

"அம்மா," என்றாள்.

"இப்ப எங்க?"

"அண்டா தேச்சிட்டு வர்றன்னு கோயில்கிட்டயே இருந்துட்டாங்க. எல்லாரும் அப்பவே வந்துட்டாங்களே..."

மருந்துப் பையை எடுத்துக்கொண்டு ஓடினான். பதினான்கு மாதத்தில் அவன் ஓடியதில்லை. சந்தில் கோழிகள் சிதறின. மாலை வெயில் மஞ்சளாக நீண்டு கிடந்தது. எவ்வளவு ஓடியும் கோயில் அங்கேயே நிற்பதுபோல் இருந்தது, கனவில் ஓடுவதுபோல.

அண்டா பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் வாயோரம் தலையைச் சாய்த்து ராயம்மாள் உட்கார்ந்திருந்தாள். கையில் தேங்காய் நார். புடவை வேர்வையில் நனைந்திருந்தது.

"அத்த!"

"ஒண்ணுமில்லீங்க மாப்ள." நாக்குக் குழறியது. "கொஞ்சம் கிறுகிறுன்னு வருது. நீங்க எதுக்கு ஓடியாந்தீங்க?"

விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தான். ஐம்பத்தொன்று. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து வாயருகே கொண்டுபோனான். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஆறு மணி அடிக்கட்டும்."

"அதுவரைக்கும் தாங்காதுங்க."

"நாலு வெள்ளி தாங்குச்சு. இன்னம் மூணுதான். வேண்டிக்கிட்டதுங்க மாப்ள. நடுவுல விடக்கூடாது."

"அம்மா, குடிம்மா!" ஜெனிஷா அழுதாள். ராயம்மாள் தலையை ஆட்டினாள். ஆட்டின தலை நிற்காமல் ஆடியது.

ஜோசப் ராஜ் மண்ணில் முழங்காலிட்டு அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தான். பேசினான்.  அவனுக்கே அந்நியமான குரல்.

"அத்த, இன்னொரு போட்டோவுக்கு மால போட என்னால ஆவாதுங்க."

ராயம்மாள் அவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்தாள். அடக்கத்தன்றுகூட அவள் அதைப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தாள்.

ஒவ்வொரு மடக்காகக் குடித்தாள். குடிக்கும்போது அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்று ஈரமாக இருந்தது. கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தான். எழுபத்தாறு.

"என்ன வேண்டுதல் அத்த?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. அண்டாவுக்கு அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற ஜெனிஷாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"உயிர்த்த ஞாயிறு வரட்டும். சொல்றன்."

அவன் போன் துடித்தது. குப்புராஜ். 'ஐந்தே முக்கால் ஆயிற்று. அட்டவணை எங்கே?'

போனிலேயே கோடுகளையும் அட்டவணையையும் திறந்தான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று மிச்ச வரிகளை நிரப்பினான். அவன் விரல் மேலே பதினேழுக்குப் போனதை ராயம்மாள் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள்.

"அதுல என்னைப் பத்தியும் எழுதணுங்களா?"

"எல்லாரையும் எழுதணும்."

"எழுதினா விசாரிக்க ஆளுங்க வருவாங்க, உங்க மாமனாருக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம ஓசூர் வேலையிலேர்ந்து வந்ததும் என்னா ஏதுன்னு கேப்பாரு. ஊரு கேக்கும். சாமியாரு கேப்பாரு. அப்பறம் அது வேண்டுதலா இருக்காது, ஊர்ப் பேச்சா ஆயிடும்." குரலைத் தாழ்த்தினாள். "கஞ்சியப் பத்தி எல்லாத்தையும் எழுதிக்குங்க மாப்ள, எங்க மேலதான் தப்புன்னுகூட எழுதுங்க. இந்த ஒரு வரிய மட்டும் விட்டுடுங்க. உங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லீங்களே."

உண்மைதான். பதினான்கு மாதத்தில் அவள் ஒன்றும் கேட்டதில்லை. காபி வைத்தாள், சோறு வைத்தாள், அறையைக் கூட்டினாள், படியிறங்கிப் போனாள். இந்த நான்கு வாரமாகப் பட்டினி நாட்களிலும் இத்தனையும் செய்திருக்கிறாள்.

ஜெனிஷா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். 

கோயிலுக்குள் சென்னம்மாள் மணிக் கயிற்றை இழுத்தாள். ஆறு. ஒலி புங்க மரத்தைத் தாண்டி, தக்காளித் தோட்டங்களைத் தாண்டி, மலைப்பக்கம் போய்க் கரைந்தது.

திரையில் பத்தொன்பது வரிகள் நிரம்பியிருந்தன. பதினேழுக்கு எதிரே கட்டம் வெள்ளையாக இருந்தது. ஜோசப் ராஜின் விரல் அதன்மேல் தொடாமல் நின்றது. ராயம்மாள் இன்னும் அவன் மணிக்கட்டை விடவில்லை. அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி வந்தது.